காவல் உள்ளவரைதான் தலைமை

1978 ஜூலை. ருவாண்டாவின் வடமேற்கு எல்லையில் உள்ள விருங்கா எரிமலைச் சரிவில் கள்ள வேட்டைக்காரர்கள் ஓர் ஆண் கொரில்லாவைச் சுட்டுக் கொன்றார்கள். டையன் ஃபாஸி 1967இல் அங்கே தொடங்கிய கரிசோகே ஆய்வு நிலையத்தின் பதிவேடுகளில் அதன் பெயர் 'அங்கிள் பெர்ட்'. நான்காம் குழு என்று குறிக்கப்பட்ட குடும்பத்தின் தலைவன் அது. அன்றே ஒரு தாய்க் கொரில்லாவும் சுடப்பட்டு இறந்தது. காயம்பட்ட அதன் குட்டி சில மாதங்களில் மடிந்தது. தோட்டாக்களால் நேர்ந்த சாவு அத்தோடு முடிந்தது. ஆனால் குடும்பத்தின் அழிவு அதன்பிறகுதான் தொடங்கியது. அதே குழுவில் வாழ்ந்த, ஆனால் இறந்த தலைவனுக்கு உறவில்லாத ஓர் இளம் ஆண், சில வாரங்களுக்குள் ஒரு கைக்குட்டியைக் கொன்றது. பெண்கள் ஒவ்வொன்றாக அக்கம்பக்கத்துக் குழுக்களுக்குப் போய்ச் சேர்ந்தன. டைட்டஸ் என்ற நான்கு வயதுக் குட்டி தாயும் தகப்பனும் இல்லாமல் ஆண்களோடு நின்றது. முடிவில் மிஞ்சியது ஆண்கள் மட்டுமே கொண்ட ஒரு கூட்டம். ஒரு விலங்கு இறந்ததும் ஒரு குடும்பமே கலைந்துபோனது ஏன்? கொரில்லாவின் உடலையும் வாழ்க்கையையும் சேர்த்துப் புரிந்துகொள்ள இந்தக் கேள்வியைவிட நல்ல வாசல் இல்லை.

கொரில்லாவைப் பற்றி உலகம் இதுவரை இரண்டு சித்திரங்களை வரைந்திருக்கிறது. முதலாவது, மார்பில் அறைந்துகொண்டு பாய்ந்து வரும் அரக்கன். 1861இல் பால் டு ஷெய்லுவின் ஆப்பிரிக்கப் பயண நூல் அதைப் பரப்பியது. 1933இல் வந்த 'கிங் காங்' திரைப்படம் அதை உலகெங்கும் கொண்டுபோனது. இரண்டாவது, யாருக்கும் தீங்கு நினைக்காத சாதுவான பெரிய உருவம். 1959-60இல் விருங்காவில் ஆயுதமின்றி நடந்து, கொரில்லாக்களின் அன்றாட வாழ்க்கையைப் பதிவுசெய்த ஜார்ஜ் ஷாலரும், அவருக்குப் பின் வந்த ஃபாஸியும் முதல் சித்திரத்தை உடைத்ததால் இது பிறந்தது. இரண்டுமே ஆணை நடுவில் வைத்து வரையப்பட்டவை. ஆண் கொடியவனா நல்லவனா என்பதே இரண்டின் கவலையும். அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சேர்ந்திருக்கும் கள ஆய்வுகளைத் தாய்களின் பக்கம் நின்று படித்தால் வேறொரு விளக்கம் கிடைக்கிறது. முதுகு வெள்ளியாக வெளுத்த அந்த ஆணின் தலைமை அது பறித்துக்கொண்ட உரிமை இல்லை. குட்டிகளுக்குக் காவல் தருவதற்காகப் பெண்கள் அதற்குக் கொடுத்திருக்கும் இடம். காவல் தளர்ந்தால் அந்த இடமும் போய்விடும்.

முதலில் உடல் சொல்லும் சாட்சியம். கொரில்லாக்களில் மேற்கு, கிழக்கு என்று இரண்டு இனங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு துணையினங்கள். எல்லாவற்றிலும் ஆணின் உருவம் பெண்ணைவிட மிகப் பெரியது. முழு வளர்ச்சி பெற்ற ஆண் 160 கிலோவைத் தாண்டும். பெண் ஏறக்குறைய அதில் பாதி. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஆணின் முதுகு ரோமம் வெளுக்கத் தொடங்குகிறது. உடல் நிறைந்து முதிர இன்னும் சில ஆண்டுகள் ஆகும். அதன் முகத்துக்கு உக்கிரம் தரும் உச்சந்தலை மேடு, உண்மையில் மெல்லுவதற்கான ஏற்பாடு. நார் நிறைந்த தண்டையும் தழையையும் அரைக்கும் தாடைத் தசைகள் மண்டையோட்டின் எலும்பு முகட்டில் போய்ப் பற்றிக்கொள்கின்றன. நீண்ட கோரைப்பற்களோ இரைக்காக அல்ல, மற்ற ஆண்களோடு மோதுவதற்காக. இவ்வளவு பெரிய உடலில் விரைகள் மட்டும் மிகச் சிறியவை. இரண்டும் சேர்ந்து சுமார் 30 கிராம். கொரில்லாவின் எடையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத சிம்பன்சிக்கு அவை சுமார் 120 கிராம். ஒரு சிம்பன்சிப் பெண் பல ஆண்களோடு சேர்வதால், அங்கே போட்டி விந்தணுக்களின் எண்ணிக்கையில் நடக்கிறது. கொரில்லாவில் போட்டி அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. மற்ற ஆண்களைத் தள்ளிவைக்க முடிந்தவனுக்குத்தான் குட்டிகள். இந்த உடல் போராடுவதற்காகச் செதுக்கப்பட்டது என்பதில் ஐயமில்லை. யாரை எதிர்த்து, யாருக்காக என்பதுதான் கேள்வி.

அதற்கு விடை உணவிலிருந்து தொடங்குகிறது. மலைக் கொரில்லாக்கள் வாழும் உயரத்தில் பழங்கள் அரிது. காட்டுச் செலரி, காஞ்சொறி வகைச் செடிகள், முள்செடிகளின் தண்டுகள், கொடிகள், பருவம் வந்தால் மூங்கில் குருத்து ஆகியவையே உணவு. பெருங்குடலில் வாழும் நுண்ணுயிரிகள் இந்த நாரைப் புளிக்கவைத்துச் சத்தாக மாற்றுகின்றன. கொரில்லாவின் பெரிய வயிற்றுக்கு இதுவே காரணம். சத்துக் குறைவான உணவு என்பதால் நாளின் பெரும்பகுதி தின்பதிலும் ஓய்விலும் கழிகிறது. ஆனால் அந்த உணவு சரிவெங்கும் பரவிக் கிடக்கிறது. ஒரு பழமரத்தை வளைத்துக்கொண்டு மற்றவர்களை விரட்ட வேண்டிய அவசியம் பெரும்பாலும் எழுவதில்லை. இதன் சமூக விளைவு பெரிது. நம் கோயில்களிலும் சாலையோரங்களிலும் காணும் நாட்டுக் குரங்குகளில் பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே தாய், தங்கை, மகளோடு ஆயுளைக் கழிக்கின்றன. பருவம் வந்ததும் இடம் மாறுபவை ஆண்கள். உணவுக்கான போட்டியில் தாய்வழிச் சொந்தம்தான் அவற்றுக்குப் பக்கபலம். கொரில்லாப் பெண்ணுக்கு அப்படிப்பட்ட பலம் அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. புதிய குழுவிலும் அதே செலரி, அதே காஞ்சொறிதான். ஆகவே பெரும்பாலான பெண்கள் பருவம் வந்ததும் பிறந்த குழுவை விட்டுப் போகின்றன. சில பெண்கள் வாழ்நாளில் இரண்டு மூன்று முறைகூடக் குழு மாறுவதுண்டு. விலகிப் போவதற்கு ஆகும் செலவு குறைவு என்பது ஒரு பெண்ணின் கையில் உள்ள பெரிய ஆயுதம்.

அப்படியானால் ஏன் எந்த ஆணோடும் சேராமல் தனியாகவே வாழக் கூடாது? இங்கேதான் கொரில்லா வாழ்வின் கொடிய பகுதி வருகிறது. கர்ப்பம் எட்டரை மாதம். பிறக்கும் குட்டி ஏறக்குறைய இரண்டு கிலோ. மூன்று, நான்கு ஆண்டுகள் அது பால் குடிக்கிறது. அந்தக் காலத்தில் தாய் மறுபடி கருத்தரிப்பதில்லை. ஒரு பெண் சுமார் நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் ஈனும். வெளியிலிருந்து வரும் ஓர் ஆணுக்கு, பால்குடிக் குட்டியோடு இருக்கும் தாய் என்பது சில ஆண்டுகள் காத்திருப்பு. அந்தக் குட்டி இறந்தால் தாய் விரைவிலேயே கருத்தரிக்கத் தயாராகிவிடும். குட்டிக்கொலையின் உயிரியல் கணக்கு இதுதான். இந்தக் கணக்கு முதலில் கண்டறியப்பட்ட இடங்களில் நம் நாடும் உண்டு. 1960களில் கர்நாடகத்தின் தார்வாட்டில் ஜப்பானிய ஆய்வாளர் யுகிமாரு சுகியாமா அனுமன் மந்திகளிடையே இதைப் பதிவுசெய்தார்; 1970களில் அபு மலையில் சாரா ஹர்டி, இது வெறிச்செயல் அல்ல, இனப்பெருக்கப் போட்டியின் ஒரு வழி என்று வாதிட்டார். விருங்காவிலும் அதே கதைதான். குட்டியைப் பறிகொடுத்த தாய், கொன்ற ஆணோடே போய்ச் சேர்வதும் அங்கே பதிவாகியிருக்கிறது. மனித அளவுகோலில் இது பொறுக்க முடியாதது. தாயின் நிலையில் பார்த்தால், பழைய காவலால் குட்டியைக் காக்க முடியவில்லை என்பது தெளிவாகிவிட்டது. அடுத்த குட்டிக்கு வேறு காவல் வேண்டும். சிறுத்தையைவிடப் பக்கத்து மலையில் உலவும் ஆண்தான் கொரில்லாத் தாயின் முதல் அச்சம். அந்த அச்சத்துக்கு மருந்தாகத்தான் அவள் இன்னோர் ஆணின் அருகில் வாழ்கிறாள்.

இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால் கொரில்லாவின் பல பழக்கங்கள் விளங்கிவிடும். மார்பறைதலை எடுத்துக்கொள்வோம். அது முஷ்டியால் குத்துவது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் உள்ளங்கையைக் குவித்து அடிப்பது. அந்த ஒலி ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் கேட்கும். அடர்ந்த செடிகளுக்குள் ஒருவரையொருவர் பார்க்க முடியாத இடத்தில் அதுதான் அறிமுகச் சீட்டு. ருவாண்டாவில் ஆண்களின் முதுகு அகலத்தைப் புகைப்படத்தால் அளந்து, மார்பறையும் ஒலியைப் பதிவுசெய்து ஒப்பிட்ட ஆய்வொன்று 2021இல் வெளியானது. உருவம் பெரிதானால் ஒலியின் சுருதி தாழ்ந்திருந்தது. சிறிய ஆண் நினைத்தாலும் பெரியவன்போல் ஒலிக்க முடியாது. ஆகவே அந்த ஒலி எதிரிக்கு எச்சரிக்கை; அதே வேளையில் கேட்டுக்கொண்டிருக்கும் பெண்களுக்கு நம்பத்தக்க தகவல். இரண்டு குழுக்கள் சந்திக்கும்போது ஆண்கள் விறைத்து நடப்பதும், செடிகளைப் பிடுங்கி எறிவதும், மார்பறைவதும் பெரும்பாலும் சண்டை மூளாமலே முடிகின்றன. ஆனால் அந்தச் சந்திப்பில்தான் பெண்கள் குழு மாறுகின்றன. ஆண்களைப்போல் அவை காட்டில் தனியே திரிவதில்லை. ஒரு காவலின் எல்லையிலிருந்து இன்னொரு காவலின் எல்லைக்கு நேராகப் போகின்றன.

தலைமை காவலுக்கான கூலி என்றால், நன்றாகக் காப்பவனுக்குக் கூலியும் கூடுதலாகக் கிடைக்க வேண்டும். கரிசோகேயின் நீண்டகாலப் பதிவுகள் இதைச் சோதித்துப் பார்க்க உதவின. 2018இல் ஸ்டேசி ரோஸன்பாமும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட முடிவு பலரையும் வியக்கவைத்தது. குட்டிகளுக்குப் பேன் பார்த்து, அவற்றோடு படுத்து ஓய்வெடுத்து அதிக நேரம் செலவிட்ட ஆண்களுக்கு, அப்படிச் செய்யாத ஆண்களைவிடச் சுமார் ஐந்து மடங்கு குட்டிகள் பிறந்திருந்தன. குழுவில் உள்ள தகுதிநிலையைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வேறுபாடு இருந்தது. தன் குட்டியா பிறர் குட்டியா என்று பார்த்து அந்த ஆண்கள் நடந்துகொண்டதாகவும் தெரியவில்லை. 2021இல் ராபின் மாரிசனும் மற்றவர்களும் 53 ஆண்டுகளின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். இரண்டு முதல் எட்டு வயதுக்குள் தாயை இழந்த குட்டிகள், தாயுள்ள குட்டிகளைவிட அதிகம் இறக்கவில்லை. குழுவின் மற்ற உறுப்பினர்கள், முக்கியமாகத் தலைவன், அவற்றோடு கூடுதல் நேரம் செலவிட்டன. பல குட்டிகள் இரவில் தலைவனின் தழைப்படுக்கையிலேயே ஒண்டிக்கொண்டன. தாயை இழந்தால் பல பாலூட்டிகளின் குட்டிகள் பிழைப்பது அரிது. ஆனால் இங்கே தலைவன் உயிரோடு இருப்பது குட்டிகளுக்கு இன்னொரு தாய் இருப்பதற்குச் சமமாகிறது. கோரைப்பல்லும் பேன் பார்க்கும் விரலும் ஒரே வேலையின் இரண்டு பகுதிகள்.

இதற்கு எதிராக ஒரு நியாயமான கேள்வி எழலாம். பாதி எடையுள்ள ஒரு பெண், இரு மடங்கு எடையுள்ள ஆணைத் 'தேர்ந்தெடுக்கிறது' என்பது அழகான கற்பனை இல்லையா? ஆண்கள் பெண்களை மிரட்டுகின்றன. சில நேரம் அடிக்கவும் செய்கின்றன. வேறோர் ஆணிடமிருந்து தப்பிப்பதற்காக ஓர் ஆணோடு வாழ்வதை விருப்பம் என்று சொல்லலாமா? இந்த மறுப்பில் பாதி உண்மை. கொரில்லாப் பெண்ணின் தேர்வு எல்லா நாளும் திறந்திருக்கும் கதவல்ல. கைக்குட்டியோடு குழு மாறினால் புதிய ஆண் அந்தக் குட்டியைக் கொல்லக்கூடும். ஆகவே முதல் குட்டி பிறப்பதற்கு முன்போ, குட்டி பால் மறந்த பிறகோ, இறந்த பிறகோதான் அவளால் துணிந்து போக முடியும். ஆனால் நெருக்கடிக்குள் செய்யப்படும் தேர்வும் தேர்வுதான். அதன் விளைவு ஆண்களின் வாழ்வைத் தீர்மானிக்கிறது. இருபது ஆண்டுத் தரவுகளை வைத்து 2025இல் வெளியான ஓர் ஆய்வு, குழு மாறும் பெண்கள் முன்பு தம்மோடு வாழ்ந்த பெண்கள் இருக்கும் குழுவை நாடுவதாகக் காட்டியது. யாரோ ஓர் ஆண் விரட்டிச் சென்று சேர்க்கும் கூட்டமாக இருந்தால் இப்படிப்பட்ட ஒழுங்கு தெரியாது. பல ஆண்கள் உள்ள குழுக்களில் பெண்கள் தாழ்ந்த தகுதிநிலையில் உள்ள ஆண்களை மிஞ்சி நிற்பதையும் அதே ஆண்டில் இன்னோர் ஆய்வு பதிவுசெய்தது. எடை மட்டுமே அதிகாரம் என்றால் அதற்கு இடமே இல்லை. தலைவனின் ஆதரவும், தன்னை இழக்கத் தலைவன் விரும்பாது என்பதும் பெண்ணுக்குப் பலம் தருவதாக எடுத்துக்கொள்வதுதான் பொருத்தம்.

இன்னொரு மறுப்பு எண்ணிக்கை சார்ந்தது. விருங்காவிலும் உகாண்டாவின் பிவிண்டியிலும் வாழும் மலைக் கொரில்லாக்கள் ஆயிரத்துச் சொச்சம். காங்கோ படுகையில் வாழும் மேற்குத் தாழ்நிலக் கொரில்லாக்களோ மூன்று லட்சத்துக்கு மேல் இருக்கலாம் என்று 2018இல் ஒரு பெரிய மதிப்பீடு வந்தது. ஒரு மூலையில் கண்டதை வைத்து மொத்தத்துக்கும் விதி சொல்லலாமா? வேறுபாடுகள் உண்மைதான். மேற்குக் கொரில்லாக்கள் பழங்களை அதிகம் தின்கின்றன. அவற்றைத் தேடித் தினமும் அதிக தூரம் நடக்கின்றன. விருங்காவில் ஏறத்தாழப் பத்தில் நான்கு குழுக்களில் ஒன்றுக்கு மேற்பட்ட வளர்ந்த ஆண்கள் உண்டு. மேற்கில் அநேகமாக எப்போதும் ஒரே ஆண்தான். ஆனால் இந்த வேறுபாடே வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. ஒரே ஆண் உள்ள குழுவில் அது இறந்தாலோ மூப்படைந்தாலோ குழு கலைந்துவிடுகிறது. பெண்கள் பிரிந்து வெவ்வேறு ஆண்களிடம் போகின்றன. மலைக் குழுக்களில் இன்னோர் ஆண், பல நேரம் மகன், இடத்தை நிரப்புவதால் குழு நிலைக்கிறது. குட்டிக்கொலையின் ஆபத்தும் அங்கே குறைகிறது. காண்ட்ஸ்பீ என்ற ஆண் இருபது ஆண்டுகளுக்கு மேல் தலைமை வகித்த குழு, ஒரு கட்டத்தில் அறுபதுக்கு மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்டிருந்தது. 2017இல் அது இறந்தபோது மகன் தலைமையில் குழு தொடர்ந்தது. காங்கோ குடியரசின் எம்பெலி சதுப்புவெளியில் நடந்த ஆய்வில், பெரிய தலைமேடும் பின்தசையும் கொண்ட ஆண்களுக்குப் பெண்துணைகள் அதிகம். அவற்றின் குட்டிகள் பிழைத்ததும் அதிகம். நல்ல காவல் எங்கே என்பதைப் பெண்கள் அங்கும் எடைபோடுகின்றன.

இதையெல்லாம் அறிந்துகொள்வதால் கொரில்லாக்களுக்கு என்ன பயன் என்று கேட்கலாம். பாதுகாப்பின் கணக்கே இதனால் மாறுகிறது. கள்ள வேட்டையில் ஒரு தலைவன் இறந்தால் பட்டியலில் ஓர் எண் குறையும். உண்மையில் குறைவது அதோடு அதன் காவலில் இருந்த கைக்குட்டிகளும், சிதறிப்போகும் குடும்பமும்தான். பத்து வயதளவில் முதல் குட்டியை ஈன்று, பிறகு நான்கு ஆண்டுக்கு ஒன்றாகப் பெறும் இனத்தால் இந்த இழப்பை விரைவில் ஈடுகட்ட முடியாது. மலைக் கொரில்லாக்கள் மீண்டதற்கும் இந்தப் புரிதலோடு பொருந்தும் வேலைதான் காரணம்: தினமும் குழுக்களைப் பின்தொடரும் காவலர்கள், கண்ணிகளை அகற்றும் ரோந்து, கண்ணியில் சிக்கியவற்றுக்குக் காட்டிலேயே சிகிச்சை தரும் கால்நடை மருத்துவர்கள். விருங்காவில் 1981இல் 254 என்று இருந்த எண்ணிக்கை, 2015-16 கணக்கெடுப்பில் 604 ஆனது. பிவிண்டியில் 2018இல் 459. இரண்டும் சேர்ந்து 1,063. காடுகளில் உள்ள மனிதக் குரங்குகளில் எண்ணிக்கை கூடிவருவதாகத் தெளிவாகச் சொல்லக்கூடியது இந்த ஒன்றுதான். 2018இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அவற்றை 'மிக அருகிய' பட்டியலிலிருந்து 'அருகிய' பட்டியலுக்கு மாற்றியது.

ஆனால் இந்த வெற்றிக்குள்ளேயே ஒரு சிக்கல் முளைத்திருக்கிறது. 2007க்குப் பிறகு கரிசோகேயைச் சுற்றியிருந்த பெரிய குழுக்கள் பல சிறிய குழுக்களாகப் பிரிந்தன. அதே காட்டில் குழுக்களின் சந்திப்பு பெருகியது. ஆண்களின் மோதலும் குட்டிக்கொலையும் கூடின. இதனால் அங்கே எண்ணிக்கை பெருகும் வேகம் தளர்ந்ததை 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்தத் தளர்வில் பாதிக்கு மேல் குட்டிக்கொலையின் விளைவு. வேட்டைக்காரனிடமிருந்து காப்பாற்றப்பட்ட கொரில்லாக்கள் இப்போது இடநெருக்கடியால் ஒன்றையொன்று மோதுகின்றன. மக்கள் நெருக்கம் மிகுந்த விவசாய நிலம் அந்தக் காட்டைச் சுற்றிவளைத்திருக்கிறது. அந்தக் காட்டில் உள்ள தேசியப் பூங்காவை விரிவாக்க ருவாண்டா அரசு திட்டமிட்டிருப்பதும், சுற்றுலா வருமானத்தில் ஒரு பங்கைச் சுற்றியுள்ள ஊர்களுக்குக் கொடுப்பதும் இதனால்தான் முக்கியமாகின்றன. நிலத்தைக் கொடுக்கும் உழவருக்கு நியாயமான ஈடு கிடைக்காவிட்டால் அந்த விரிவாக்கம் நிலைக்காது. கொரில்லாக்களின் தலைகளை எண்ணுவதோடு இனிப் பாதுகாப்பு நின்றுவிட முடியாது. அனுபவமுள்ள ஆண்கள் எத்தனை குழுக்களில் இருக்கின்றன, ஒரு தலைவன் இறந்தால் இடத்தை நிரப்ப மகன் உண்டா, குட்டி பால் மறந்த ஒரு தாய் விலகிப்போக நினைத்தால் போய்ச் சேர இடம் இருக்கிறதா என்றும் கணக்கிட வேண்டும். கொரில்லாச் சமூகம் அந்தத் தாயின் தேர்வின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. அந்தத் தேர்வுக்கு இடம் விடாத எந்தக் காடும், எண்ணிக்கை எவ்வளவு காட்டினாலும், அவற்றுக்குப் போதுமான காடு அல்ல.